உச்சுக் கொட்டியதில் பிறந்த நாவல்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. ஜக்கெற்றைக் கழற்றிக் கொழுவிவிட்டு, அந்தக் கதிரைகளை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். தேத்தண்ணி ஆறினால் சூடாக்கித் தரலாம், கதை ஆறினால் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கு ஒரு நாவல் பிறந்த கதை சொல்கிறேன். சின்ன நாவல் இல்லை, தலைக்கு வைத்துப் படுக்கலாம். அதைப் படித்தவர்கள் அழுதார்கள். படிக்காதவர்கள் அவர்களைவிடக் கூட அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவே ஒரு பிள்ளை தன் தாயை எப்படி மீட்டாள் என்பதுதான் கதை.

இங்கே நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் வசுமதி என்று ஒருத்தி. சென்னைக்காரி. கணவனுக்குக் கணினி வேலை, இரண்டு மாடி வீடு, சன்னலைத் திறந்தால் காடு. குறை ஒன்றும் இல்லாததுதான் அவளுடைய குறை. எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை, ஆனால் எழுதுவதற்குக் கைவசம் துன்பம் ஏதும் இல்லை.

அவள் படித்ததெல்லாம் ஒரே சாதிப் புத்தகம். அயர்லாந்திலிருந்து ஒரு காலத்தில் பெண்பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள் அல்லவா? அந்நியர் வீட்டில் அடுப்பு மூட்டவும், சலவைச்சாலையில் துணி அவிக்கவும், நூல் ஆலையில் கால் கடுக்க நிற்கவும் போனவர்கள். அவர்களுடைய குடும்பக் கதை என்று ஆங்கிலத்தில் பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும். அட்டையில் சால்வை போர்த்த ஒருத்தி முதுகு காட்டி நிற்பாள், எதிரே புகை மூடிய துறைமுகம். முதல் பாகத்தில் கப்பல். இரண்டாம் பாகத்தில் முதலாளியின் மகன். மூன்றாம் பாகத்தில் பிள்ளை பிறந்து கைவிட்டுப் போகும். நாலாம் பாகத்தில் அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து கதவைத் தட்டும். அலுமாரி நிறைய அதை வாங்கிப் படித்துப் படித்து வசுமதியிடம் நல்ல அச்சு ஒன்று தயாராக இருந்தது. ஊற்ற மாவுதான் இல்லை.

மாவு ஒஸ்லோவிலேயே, புருசெத்தில் இருந்தது. மனோகரி என்று பெயர்.

மனோகரி யாழ்ப்பாணத்துப் பெண். அவளும் அவளுடைய அக்கா யோகராணியும் எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் ஒரு கடலோர ஊரின் மீன் தொழிற்சாலையில் நின்றவர்கள். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் மீன் சதை, கையில் கத்தி. முள்ளை எடு, புழுவை எடு, அடுத்த துண்டு. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து மனோகரி கந்தோர்களில் நிலமும் மேசையும் துடைத்தாள், இப்போது ஓய்வூதியமும் முழங்கால் வலியுமாக அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். அக்கா யோகராணி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவளுடைய கணவர் சபாரத்தினம் அதற்கும் முதலே போய்விட்டார். அவர்களுக்கு ஒரே மகள், தக்ஷாயினி. மனோகரிக்குச் சொந்தப் பிள்ளை இல்லை, தக்ஷாயினியை நினைத்தால் அந்தக் குறையும் இல்லை.

கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் மனோகரியைப் பிடித்தாள் வசுமதி. பிடித்தவள் விடவில்லை. வாராவாரம் கேக்கோடு வந்தாள், கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள், தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் குளிர்ல நின்னப்போ அழுதீங்களா ஆன்ட்டி?"

"அழுதால் கண் மங்கும் பிள்ளை, முள்ளுத் தெரியாது. பிறகு போர்மன் ஏசுவான்."

"அந்த ஃபோர்மன்... பாக்க நல்லா இருப்பாரா?"

"பல்லில்லை."

வசுமதிக்கு முகம் சுருங்கிப்போகும். மனோகரியோ மீனைப் பற்றிச் சொல்லுவாள், பூட்ஸைப் பற்றிச் சொல்லுவாள், விடுதியில் சூடாக்கியை யார் கட்டில் பக்கம் திருப்புவது என்று நடந்த சண்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பை வைத்துக்கொண்டு மூன்றாம் பாகம் எழுத முடியுமா? அப்படியே ஒருநாள், மனோகரி தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்த நேரம், வசுமதி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க அக்காவுக்கு அங்கதானே குழந்தை பிறந்தது? வீட்டுக்காரர் ஒஸ்லோவுல, அவங்க வேலையில... அந்தக் குழந்தைய யார்கிட்டயாவது குடுத்துட வேண்டி வந்துச்சா?"

மனோகரி வடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ச்" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் வசுமதியின் கண்ணில் தண்ணீர். எழுந்து வந்து மனோகரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் முழங்கால் வலிக்காகத்தான் இரங்குகிறாளாக்கும் என்று மனோகரி நினைத்தாள். நல்ல பிள்ளை என்றுகூட நினைத்தாள், பாவம். அன்றோடு வசுமதி கேள்வி கேட்க வருவதை நிறுத்திவிட்டாள். கேக்கும் நின்றது.

ஒரு வருடம் போனது. பிறகு ஒருநாள் பின்னேரம் தக்ஷாயினி வந்து மணியடித்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதம், பிரசவ விடுப்பில் நிற்கிறாள். தள்ளுவண்டிலில் பிள்ளை நித்திரை, அதன் காலடியில் ஒரு தடித்த புத்தகம். அட்டையில் சால்வை போர்த்த ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். எதிரே பனி மூடிய துறைமுகம். தலைப்பு, 'பனியில் உறைந்த தாலாட்டு'.

"இதென்ன சின்னம்மா?"

"எனக்கென்ன தெரியும். அந்த லோறென்ஸ்கூக் பிள்ளை எழுதினதோ?"

"எனக்கு முதல் பிரதி தரப்போறாவாம், வாற சனிக்கிழமை மண்டபத்திலை. அதுக்குத்தான் இதை முதலே அனுப்பினவ." தக்ஷாயினி சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. "இதிலை யோகேஸ்வரி எண்டு ஒராள். மீன் ஃபப்ரிக்கிலை வேலை. நீலக்கண் போர்மன் அவவைப் பாக்கிறான். அவவுக்குப் பிள்ளை பிறக்குது. பிள்ளையை ஒரு நொர்வேக்காரக் குடும்பத்திட்டைக் குடுத்திட்டு, இரண்டு வரியத்துக்குப் பிறகு போய்க் கெஞ்சித் திருப்பி வாங்கிறா. முன்னுரையிலை போட்டிருக்கு, 'மனோகரி அம்மா கண்ணீரோடு பகிர்ந்த உண்மைக் கதை' எண்டு."

அவள் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல், ஒருவரோடும் ஒன்றையும் கண்ணீரோடு பகிர்ந்ததில்லை. வெங்காயம் கூட முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் வெட்டுவாள்.

"கோதாரி! ஆரடி உப்பிடிச் சொன்னது? நான் சொல்லேல்லை!"

"ஹெல்ட் ஆர்லி சின்னம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. அம்மா என்னைக் குடுத்தவவோ?"

"உனக்கென்ன விசரோ?"

"அப்ப ஏன் இரண்டு வயசு வரைக்கும் என்ரை படம் ஒண்டுகூட வீட்டிலை இல்லை?"

"படம் பிடிக்க எங்களுக்கு ஆர் இருந்தது? ஒரு கையிலை மீன், மற்றக் கையிலை நீ. கொம்மா காலமை வேலை, நான் பின்னேர வேலை. அவள் வெளியாலை வர நான் உள்ளுக்குப் போவன். உடுப்பு மாத்துற அறையிலை வைச்சு உன்னைக் கை மாத்துவம். வாசச் சோப்புப் போட்டுக் கை கழுவிப்போட்டுத் தூக்கினால் நீ கத்துவாய், மீன் மணந்தால்தான் உனக்கு நித்திரை. உன்னை ஆரட்டையடி குடுக்கிறது?"

தக்ஷாயினி அவளையே பார்த்தாள். பிறகு சொன்ன சொல்தான் மனோகரியின் நெஞ்சில் போய் நின்றது.

"என்னைத் தேற்றத்தானே இப்ப இப்பிடிச் சொல்லுறீங்கள்?"

பாருங்கள் பிள்ளைகளே, அச்சடித்த எழுத்துக்கு எவ்வளவு திமிர்! தூக்கி வளர்த்தவள் வாயால் சொல்வது ஆறுதலாம், கேக்கோடு வந்தவள் எழுதியது உண்மையாம். தக்ஷாயினிக்கு அப்போது ஏற்கெனவே ஒரு யோசனை. இன்னும் கொஞ்ச நாளில் தன் பிள்ளையைப் பார்னஹாகே என்ற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும். அந்த யோசனையே நெஞ்சை அறுக்கிறது. அதற்குள் இப்படி ஒரு புத்தகம் வந்து, உன் தாய் உன்னைக் கைவிட்டவள் என்று சொன்னால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

மனோகரி கொழுவியிலிருந்த மேற்சட்டையை எடுத்தாள். "வெளிக்கிடு. அவளைக் கேப்பம்."

பஸ் ஏறினார்கள். மனோகரி அந்தப் புத்தகத்தின் முன்னுரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கப்பல், சலவைச்சாலை, முதலாளியின் மகன் என்று போகும் ஐரிஷ் பெண்களின் குடும்பக் காவியங்கள்தான் தனக்கு வழிகாட்டி என்று வசுமதி எழுதியிருந்தாள். மனோகரி அந்த ஐரிஷ் பெண்களைக் கண்டதில்லை. ஆனாலும் சலவைச்சாலையில் நின்ற ஒருத்தி எழும்பி வந்து தன்னைப் பற்றிய அத்தனை பாகத்தையும் படித்தால் என்ன சொல்லுவாள் என்று யோசித்தாள். முதலாளியின் மகனுக்குப் பல்லில்லை என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள். அதை யார் எழுதினார்கள்?

வசுமதி கதவைத் திறந்தவுடனேயே தக்ஷாயினியைக் கட்டிக்கொண்டாள். "உள்ள வாம்மா. நீ வருவேன்னு எனக்குத் தெரியும். மனசு விட்டு அழு."

"அழ வரேல்லை அக்கா, கேக்க வந்தனாங்கள். அம்மா என்னைக் குடுத்தவ எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆன்ட்டிதான்."

"நானோ!" என்றாள் மனோகரி.

"ஆன்ட்டி, உங்க மனசு அத மறக்கப் பாக்குது. அது இயல்பு." வசுமதி நோயாளியோடு பேசுவதுபோலப் பேசினாள். "நான் நேராக் கேட்டேன், குழந்தையக் குடுக்க வேண்டி வந்துச்சான்னு. உங்களால பேச முடியல. தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒரே ஒரு சத்தம்தான் வந்துச்சு." கண்ணை மூடினாள். நெஞ்சில் கை வைத்தாள். மிக உருக்கமாக உச்சுக் கொட்டினாள்: "ச்...! அந்த ஒரு சத்தத்துல ஒரு தாயோட வாழ்க்கையே இருந்துச்சும்மா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராவெல்லாம் எழுதினேன். நாப்பது பக்கம்."

தக்ஷாயினி சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சாதாரணச் சிரிப்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, குந்தியிருந்து, தள்ளுவண்டிலில் கிடந்த பிள்ளை திடுக்கிட்டு முழிக்கும்வரை சிரித்தாள்.

"அக்கா... அது 'இல்லை' எண்டது!"

"என்னது?"

"நாங்கள் 'ச்' எண்டால் இல்லை எண்டு அர்த்தம்! சோறு போடவோ? ச். பஸ் வந்திட்டுதோ? ச். பிள்ளையைக் குடுத்தவவோ? ச்! குடுக்கேல்லை எண்டுதான் அவ சொன்னவ!"

வசுமதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க ஊர்ல உச்சுக் கொட்டினா 'ஐயோ பாவம்'னு அர்த்தம்."

"உங்கடை ஊரிலை. கேட்டது என்ரை குசினியிலை" என்றாள் மனோகரி.

சன்னலுக்கு வெளியே காடு நின்றது. நியாயமாகப் பார்த்தால், அந்த நேரத்தில் வசுமதி தலையில் கை வைத்திருக்கவேண்டும். வைத்தாள்தான், ஆனால் எதற்கு என்கிறீர்கள்?

"ஐயோ, புத்தகம் எல்லாம் சென்னையில அச்சாகி வந்திறங்கிடுச்சே! கராஜ் முழுக்க பெட்டி."

"அப்ப அந்தப் பகுதியை வெட்டி எடுங்கோ" என்றாள் தக்ஷாயினி.

"அத எடுத்தா நாவலே இல்லம்மா. நீயே சொல்லு, ரெண்டு அக்கா தங்கச்சி, மாத்தி மாத்தி ஷிப்ட் பாத்து ஒரு குழந்தைய நல்லபடியா வளத்தாங்க. இத யாரு படிப்பாங்க? திருப்பம் எங்க இருக்கு? இது கற்பனைதானே, பேரக்கூட மாத்திட்டேன். யோகராணி இல்ல, யோகேஸ்வரி."

"எவ்வளவு பெரிய மாற்றம்" என்றாள் மனோகரி. "ஆரும் கண்டுபிடிக்கவே மாட்டினம்."

தக்ஷாயினியின் சிரிப்பு அடங்கியிருந்தது. தாய் தன்னைக் கைவிடவில்லை என்பது அவளுக்கு இப்போது உறுதி. ஆனால் கராஜ் நிறையப் பெட்டிகளில் இருந்த தாய் கைவிட்டவள்தான். சனிக்கிழமை அவளைத்தான் புருசெத், ஹவுகெட்டோ, லோறென்ஸ்கூக் என்று எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் கொண்டுபோகப் போகிறார்கள். யோகராணியை அறிந்தவர்களே இனி யோகேஸ்வரியைத்தான் நினைப்பார்கள்.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "சரி அக்கா. முதல் பிரதி வாங்க நான் வாறன்."

திரும்பும் வழி முழுக்க மனோகரி பேசினாள். "ஏனடி ஒத்துக்கொண்டனி? கொம்மாவைச் சந்தி சிரிக்கப் பண்ணப்போறியோ?" தக்ஷாயினி பிள்ளைக்குப் பிஸ்கற் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் ஆட்களின் புத்தக வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று மணி என்று போட்டால் ஐந்து மணிக்கு விளக்கேற்றுவார்கள். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, எல்லா உரைக்கும் ஒவ்வொரு பொன்னாடை. மண்டபத்தின் பின்பக்கம் ரோல்ஸும் வடையும் மூடி வைத்திருப்பார்கள். மூடி வைத்திருப்பதால்தான் சனம் இருக்கும்.

தலைமை தாங்கியவர் குணசிங்கம். புத்தகத்தை அவர் திறக்கவில்லை என்பது அதன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் குரல் தழுதழுக்கப் பேசினார். "இது ஒரு கண்ணீர்க் காவியம். பெற்ற பிள்ளையைப் பனியிலே பறிகொடுத்த ஒரு தாயின் கதை. அந்தப் பிள்ளையே இன்று எங்கள் முன் முதற்பிரதி பெற வருகிறாள்!" முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். யோகராணி வீட்டில் எத்தனை முறை விருந்து சாப்பிட்டவர்கள், அவள் கையால் எத்தனை முறை மீன் குழம்பு வாங்கித் தின்றவர்கள்! அவர்களுக்கும் இப்போது யோகராணி மறந்துபோனாள். அழுவதற்கு இப்படி ஒரு வசதி கிடைத்தால் யார் விடுவார்கள்?

தக்ஷாயினி பிள்ளையை மனோகரியின் மடியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனாள். புத்தகத்தை வாங்கினாள். படம் பிடித்தார்கள். ஒலிவாங்கியையும் வாங்கினாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் புத்தகத்திலை என்ரை அம்மா என்னைக் குடுத்திட்டா. என்ரை அம்மா என்னைக் குடுக்கேல்லை. வேலைக்குப் போகேக்குள்ளை சின்னம்மாட்டைக் குடுத்தவ, வேலையாலை வந்து திருப்பி வாங்கினவ. அவ்வளவுதான் கதை. இதிலை உள்ள போர்மனும் பொய், கெஞ்சி வாங்கினதும் பொய். அம்மாவைத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்சை கனபேர் இருக்கிறீங்கள். நீங்கள் ஏன் அழுறீங்கள்?"

குணசிங்கம் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். "உணர்ச்சி மேலீடு... தங்கச்சிக்குத் தண்ணி குடுங்கோ..."

அப்போது நடுவரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. எழும்பியவள் அனஸ்ரேசியா. பருத்த உடம்பு, கைத்தடி. அவளும் வடக்கே அதே மேசையில் கத்தி பிடித்தவள், யாழ்ப்பாணக் கடற்கரையில் வளர்ந்த குருநகர்க் குரல், ஒலிவாங்கி தேவையில்லை.

"தண்ணியை நீர் குடியும் குணசிங்கம்! பெட்டை சொல்லுறது உண்மை. ஆரையாம் குடுத்தது? அந்தப் பிள்ளை உடுப்பு மாத்துற அறையிலை என்ரை பூட்ஸுக்குள்ளை மூத்திரம் பெய்தது. நான் அதோடை எட்டு மணித்தியாலம் நிண்டனான்!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு ஒரு வரிசை. பிறகு மண்டபம். கைக்குட்டைகளைச் சிரித்த கண்ணீருக்குப் பாவித்தார்கள். "ஓமடி, யோகராணி துவாய் பிழிஞ்சு தந்தவள்!" என்று இன்னொருத்தி எழும்பினாள். "போர்மனுக்கு நீலக்கண்ணோ? அவனுக்கு ஒரு கண்தானே ஒழுங்காய் தெரிஞ்சது!" என்று மற்றவள். யோகராணி எப்படிச் சூடாக்கிக்குச் சண்டை பிடித்தாள், எப்படி ஒருநாள் போர்மனின் தொப்பிக்குள் மீன் தலையை வைத்தாள் என்று ஒவ்வொருத்தி வாயிலும் அவள் எழும்பி வந்தாள். ஆய்வுரை செய்யவிருந்தவர் தன் தாள்களை மடித்துப் பையில் வைத்தார். இரண்டு பொன்னாடைகள் போர்ப்பாரில்லாமல் மேசையில் கிடந்தன.

வசுமதியைக் குறைவாக எடைபோட்டுவிடாதீர்கள். அவள் மெதுவாக எழுந்து, நிறைந்த கண்ணோடு ஒலிவாங்கிக்கு வந்தாள். "இந்த மறுப்பு... தாய் தன்னக் குடுக்கவே இல்லன்னு ஒரு மகள் சொல்ற இந்த மறுப்பு இருக்கே, காயம் எவ்வளவு ஆழம்னு அதுலதான் தெரியுது. இந்த நிமிஷம் என் மனசுல ரெண்டாம் பாகம் பிறந்துடுச்சு!"

யாரோ கை தட்டினார்கள். கை தட்ட எப்போதும் ஒருவர் இருப்பார்.

தக்ஷாயினி அவளிடம் நடந்தாள். முதற்பிரதியை, பளபளத்த தாளும் நாடாவும் கழற்றாமல், அவளுடைய இரண்டு கையிலும் வைத்தாள்.

"உங்கடை பிள்ளையை நீங்களே வைச்சிருங்கோ அக்கா. நான் போய் என்ரை பிள்ளையைத் தூக்கவேணும்."

படியிறங்கி வந்தாள். மனோகரியின் மடியிலிருந்த பிள்ளை கையை நீட்டியது, அவள் வாங்கித் தோளில் போட்டாள். மனோகரி பிள்ளையின் ஒரு காலில் கழன்றிருந்த சப்பாத்தை மாட்டிவிட்டாள். பின்பக்கத்தில் வடை மூடியைத் திறந்துவிட்டார்கள்.

புத்தகம் விற்றதா என்று கேட்கிறீர்கள். விற்றது. அன்றைக்கே ஒரு பெட்டி போனது. அட்டைக்காக வாங்கியவர்களும் உண்டு, தே-பானே ரயிலில் வைத்துப் படித்து அழுதவர்களும் உண்டு. அழட்டும், அது அவர்கள் கண், அவர்கள் தண்ணீர். ஆனால் எங்கள் பக்கத்தில் யோகராணி என்றால் இன்றைக்கும் யாரும் உறைந்த தாலாட்டை நினைப்பதில்லை. தொப்பிக்குள் மீன் தலை வைத்தவள் என்றுதான் சொல்லுகிறார்கள், சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள்.

சரி, எழும்புங்கள் பிள்ளைகளே, நேரம் போகிறது. உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கட்டும், குளிருக்குச் சுவர் இறுகட்டும், போனவர்கள் நேரத்துக்கு வந்து சேரட்டும். பெண்பிள்ளைகள் உரக்கச் சிரிக்கட்டும். நாவல் எழுதுகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று கைவீசிக்கொண்டு திரும்பிப் போகிற வீடாக உங்கள் வீடு நீடூழி வாழட்டும்.